பன்னிரண்டாம் ரீல்

இரண்டாவது ஆட்டம் முடிந்து, கடைசி பஸ்ஸும் போய், தெருநாய்கள்கூட மணலில் குழி பறித்துப் படுத்துவிட்ட பிறகு, எங்கள் உப்பளத் தெருவுக்குள் ஒரு சத்தம் வந்தது. முதலில் யார் வீட்டிலோ தையல் மிஷின் ஓடுகிறது என்று நினைத்தேன், ஆனால் தையல் மிஷின் இடையிடையே நிற்கும், இது நிற்கவில்லை. அதோடு இது நடந்து வந்தது, கிழக்கு மூலையில் ஆரம்பித்து ஒவ்வொரு வாசலாகத் தாண்டி, எங்கள் வாசல் வரைக்கும் வந்து, வந்த இடத்தில் நின்றுகொண்டே ஓடியது. மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த என் ஏழு மாதக் குழந்தை பிலோமி வாயை எடுத்துவிட்டுக் காது கொடுத்தாள். நான் ஜன்னலைத் திறந்தேன். வெளியே சசிதரன் நின்றுகொண்டிருந்தான்.

சசிதரன் சினிமாவில் வருகிறவன். அவனாக நடித்த நடிகர் அந்த நேரத்தில் சென்னையில் வேறு படத்துக்குத் தாடி வளர்த்துக்கொண்டிருந்தார், பத்திரிகையில் படம் வந்திருந்தது. எங்கள் வாசலுக்கு வந்தவன் நடிகர் இல்லை, மீனலோசனி டாக்கீஸில் பத்தொன்பது நாளாக ஓடிக்கொண்டிருந்த படத்துக்குள் இருக்கிறவன். அதே சாம்பல் நிறக் கோட்டு, அதே எண்ணெய் வைக்காத முடி, இடது கையில் சுற்றிய கைக்குட்டை. தெருவில் மழை இல்லை, ஆனால் அவன் மேல் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இறங்கிக்கொண்டே இருந்தன, பழைய பிரிண்டில் விழுமே, அது மாதிரி. புரொஜக்டர் ஓடுகிற சத்தம் அவன் முதுகுக்குப் பின்னால் எங்கிருந்தோ வந்தது. தண்ணீர் கேட்டான். ஜன்னல் கம்பி வழியாகக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை இரண்டு கையாலும் திருப்பித் தந்தான், டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது.

அவனுக்கு நான் பயப்படவில்லை என்பதை நினைத்தால்தான் இன்றைக்கு எனக்குப் பயமாக இருக்கிறது. அவனை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும்போது எங்களுக்கு மனோதத்துவம் எடுத்த சிஸ்டர் ஹில்டா அந்தப் படத்துக்கு வகுப்பையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, சசிதரன் என்கிற பாத்திரத்தின் மனதை ஆராய்ந்து பன்னிரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். நான் பத்தொன்பது பக்கம் எழுதினேன். அவன் சிரிப்பு எப்போதும் கொஞ்சம் தாமதமாக வரும், யாரிடமோ அனுமதி வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி, யாராவது முதுகைக் காட்டி நின்றால் அவனுக்குக் கை நடுங்கும், அதனால்தான் கைக்குட்டை, மனைவி தூங்கும்போது அவள் மூச்சை எண்ணுவான், தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளிக்கொண்டியை மாட்டிவிட்டுப் போவான், சாயங்காலம் மல்லிகைப் பூவோடு வந்து திறந்து, “இன்னைக்கு யாரைப் பார்த்தே?” என்று கேட்பான். அவனுக்கு நேசிக்கத் தெரியவில்லை, காவல் காக்கத்தான் தெரிகிறது, ஆனால் அந்த வித்தியாசம் அவனுக்கே தெரியாது, பாவம் என்று முடித்திருந்தேன். சிஸ்டர் இருபதுக்குப் பதினேழு போட்டு, கீழே சிவப்பு மையில் ஒரு வரி எழுதித் தந்தார்கள்: “நன்று. ஆனால் நீ இவனை மன்னிக்க அவசரப்படுகிறாய். அவன் இன்னும் கேட்கவே இல்லை.”

அது சரியில்லை, அவன் கேட்டானே, பன்னிரண்டாவது ரீலில் கேட்டானே என்று சிஸ்டரிடம் வாதாடினேன். அந்த ரீலில்தான் அவன் மனைவி வசுமதி, அவன் வருகிற நேரத்துக்குக் கதவை உள்ளே தாழ் போட்டுவிடுவாள். அவன் தட்டுவான், கெஞ்சுவான், மிரட்டுவான், கடைசியில் படியில் உட்கார்ந்து, ஆறு வயதில் அம்மா ஒரு தகரப் பெட்டியோடு வீட்டை விட்டுப் போனதையும், அவளைத் தேடப் போன அப்பா அவனை உள்ளே வைத்துக் கொண்டி போட்டுவிட்டு இரண்டு நாள் திரும்பாததையும் கதவிடம் சொல்லி, முடிவில் ஒரே ஒரு வார்த்தை சொல்வான். மன்னிச்சிரு. அதுவரைக்கும் அவள் திறக்க மாட்டாள். அடுத்த ரீலில் இருவரும் குழந்தையோடு கடற்கரையில் சிரித்துக்கொண்டு நடப்பார்கள், படம் முடியும்.

ஆனால் நான் வாக்கப்பட்டு வந்த இந்த ஊரில் பன்னிரண்டாவது ரீலை யாரும் பார்த்ததில்லை. இந்தப் படத்தில் மட்டும் இல்லை, எந்தப் படத்திலும். இரண்டாவது ஆட்டம் முழுசாக ஓடினால் உப்பளத்துக் குடியிருப்புகளுக்குப் போகிற கடைசி பஸ் போய்விடும் என்பதால், ஆபரேட்டர் கோமதிநாயகம் அண்ணாச்சி கடைசிக்கு முந்தின ரீலை மாட்டுவதில்லை. ராத்திரி கழற்றி வைத்ததைப் பகலில் மறுபடி சேர்க்கச் சோம்பல்பட்டு மேட்னிக்கும் அப்படியே விட்டுவிடுவார். முப்பது வருஷமாக இதுதான் வழக்கம். படங்களில் மனுஷர்கள் தப்பை உணருகிறதும், அழுகிறதும், ஒருத்தர் காலில் ஒருத்தர் விழுகிறதும் பெரும்பாலும் அந்த ரீலில்தான் வரும் போல. அதனாலேயோ என்னவோ, இந்த ஊரில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அண்ணன் தம்பி மண்டையை உடைத்துக்கொள்வார்கள், மறுநாள் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், நடுவில் ஒன்றும் இருக்காது. கல்யாணமான புதிதில் என் மாமியார் வைத்த ரசத்தைத் தட்டிவிட்டு நான் மன்னிச்சிருங்க அத்தை என்று சொன்னபோது, அவர்கள் என்னவோ நோய் வந்தவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள்.

ஆகவே ஊருக்குத் தெரிந்த சசிதரன் யாரென்றால், பதினோராவது ரீலில் மழையில் மனைவியை உள்ளே வைத்துக் கொண்டி போட்டுவிட்டுப் போகிறான், அதற்கு அடுத்தபடியாகக் கடற்கரையில் அவளோடு சிரித்துக்கொண்டு வருகிறான். கொண்டி போட்டதால்தான் அந்தச் சிரிப்பு வந்தது என்று ஊர் புரிந்துகொண்டது. வேறெப்படிப் புரிந்துகொள்வார்கள்.

மறுநாள் காலையில் சசிதரன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒருத்தரும் கூச்சல் போடவில்லை. வந்தது வந்துட்டாரு, நல்ல மனுஷன், தங்க இடம் வேணும்லா என்று சங்கத்துக் கட்டிடத்தில் ஒரு அறை ஒழித்துக் கொடுத்தார்கள். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று சிலர் சொன்னார்கள், ஒரு வாரத்தில் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் குழந்தைகள் தூங்க மாட்டேன் என்றன. டாக்கீஸில் படம் நிற்கவில்லை. திரையில் அவன் இருக்கிற இடமெல்லாம் காலியாக இருந்தது, வசுமதி மட்டும் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசினாள், காலி வாசலைப் பார்த்துப் பின்வாங்கினாள், கதவு தானாகச் சாத்திக்கொண்டது, கொண்டி தானாக விழுந்தது. என் வீட்டுக்காரர் இஞ்ஞாசி கூட்டிக்கொண்டு போனதால் நானும் போய்ப் பார்த்தேன். அவன் அங்கே இல்லை, வெளியே முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தான், ஆனாலும் அவள் பயப்படுவதை நிறுத்தவில்லை. பின்வரிசையில் யாரோ, இப்பத்தான் இந்தப் பிள்ளை நல்லா நடிக்கா என்றார்கள்.

சாயங்காலங்களில் ஆண்கள் சசிதரனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவன் அதிகம் பேசமாட்டான், படத்தில் பேசினதைத் தவிர வேறு வசனம் அவனிடம் கிடையாது. அதுவே போதுமானதாக இருந்தது. முதலில் சைக்கிள் கடைக்காரர் தன் வீட்டுக் கதவுக்கு வெளியே கொண்டி அடித்தார், பிறகு அவர் தம்பி, பிறகு தெருவே. காலை எட்டு மணிக்கு உப்பளத்துச் சங்கு ஊதியதும் கிழக்கிலிருந்து மேற்காக டக், டக், டக் என்று கொண்டிகள் விழுகிற சத்தம், ஜெபமாலை உருட்டுகிற மாதிரி வரிசையாக வரும். ஊர் அதற்கும் தன்னைச் சரிசெய்துகொண்டது. மீன்காரி வாசலை விட்டு ஜன்னலுக்கு வந்தாள், பெரிய மீன் கம்பிக்குள் நுழையாது என்று சின்ன மீனாகக் கொண்டுவந்தாள். குழம்பு கைமாற்ற ஒடுக்கமான தூக்குவாளி கடைகளில் வந்தது. கோயிலில் நடந்த பெண்கள் ஜெபக்கூட்டத்தைப் பங்குச்சாமி நடுத்தெருவுக்கு மாற்றினார். அவர் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு முன்பாதி சொல்ல, இரண்டு பக்கத்து ஜன்னல்களும் பின்பாதி சொல்லும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் எல்லாக் கதவும் திறக்கும், பெண்கள் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருத்தி சேலையை ஒருத்தி பார்த்துக்கொண்டு நடப்பார்கள்.

எதிர்வீட்டுப் பாக்கியத்தாய் அக்கா தன் ஜன்னலில் இருந்து என் ஜன்னலுக்குப் பேசுவாள். “எங்க வீட்ல அவிய ரெண்டு கொண்டி போட்டுருக்காவ, பாத்தியா? ஒன்னுக்கு ரெண்டு” என்று சொல்லிவிட்டு, என் கதவை ஒரு பார்வை பார்ப்பாள். எங்கள் வாசல் அப்போது திறந்துதான் கிடந்தது. “உன் மாப்பிள்ளைக்கு ஒம்மேல பிரியம் இருக்கா இல்லியாளா? படிச்ச பிள்ளைக்கு இப்படி அமையணுமா” என்பாள். கேலி இல்லை. உண்மையாகவே எனக்காக வருத்தப்பட்டாள்.

இஞ்ஞாசி உப்புக் கம்பெனி எடைமேடையில் எழுத்தர். எறும்பு விழுந்த பாலை எறும்பை எடுத்து ஓரமாக விட்டுவிட்டுக் குடிக்கிறவர். எடைமேடையில் மற்றவர்கள் அவரைச் சும்மா விடவில்லை, வீட்டைத் தொறந்து போட்டுட்டு வாரான் பாரு என்று லாரிக்காரன்கூடச் சொன்னான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சிரித்துக்கொண்டே, “சும்மா ஒரு நாளைக்கு, ஊர் வாயை அடைக்கணும்லா” என்று வெளியே கொண்டியை மாட்டினார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எப்படிச் சிரித்தேன் என்று இப்போது புரியவில்லை. சாயங்காலம் திறந்தபோது கையில் மல்லிகை இருந்தது. அவருக்கு மல்லிகை வாசம் தலைவலி தரும்.

அதற்கப்புறம் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், என் பத்தொன்பது பக்கமும் ஒவ்வொன்றாக என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதை. என்னளா, ஏளா என்று கூப்பிடுகிற மனுஷன் சினிமாவில் பேசுகிற மாதிரிப் பேச ஆரம்பித்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பினால் அவர் கை மேஜை விளிம்பைப் பிடிக்கும். இரவில் அரைத்தூக்கத்தில் காதருகே நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினெட்டு என்று முணுமுணுப்பு கேட்கும். எனக்குத் தெரிந்த நோய், காரணம் தெரிந்த நோய், பெயர்கூடச் சொல்வேன். நானே சரிசெய்துவிடலாம், பக்குவமாகப் பேசினால் போதும் என்று இருந்தேன். படித்ததால் வந்த மடத்தனம் அது.

பிலோமிக்குக் காய்ச்சல் வந்தது ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. பன்னிரண்டு மணிக்கு உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, கண் மேலே போனது. கதவை இழுத்தேன், உதைத்தேன், கொண்டி நல்ல இரும்பு. ஜன்னலில் நின்று அக்கா, பிள்ளைக்கு ஜன்னி, யாரையாவது கூப்பிடுங்க என்று கத்தினேன். பாக்கியத்தாய் அக்கா தன் பக்கத்து ஜன்னலிடம் சொன்னாள், அது அடுத்த ஜன்னலிடம் சொன்னது, என் பிள்ளையின் ஜன்னி தெரு முழுக்க ஜன்னல் ஜன்னலாகப் போனது, ஒவ்வொருத்தியும் அழுதுகொண்டுதான் சொன்னாள், ஆனால் ஒருத்தி கையிலும் கதவு இல்லை. கடைசி ஜன்னலுக்கு அப்புறம் உப்புதான் இருந்தது. சேதி அங்கே முட்டித் திரும்பி என் ஜன்னலுக்கே வந்து சேர்ந்தது: ஈரத்துணி போடு தாயீ, மாதாவை வேண்டிக்கோ.

அப்போது அந்த மிஷின் சத்தம் வந்தது. பகல் வெளிச்சத்தில் கோடுகள் அவன் மேல் நன்றாகத் தெரிந்தன. சசிதரன் என் ஜன்னலில் வந்து நின்றான். அவன் கைக்கு எட்டின தூரத்தில்தான் வெளிக்கொண்டி இருந்தது. கொண்டியை எடு, பிள்ளை செத்துப்போகும் என்று சொன்னேன். அவன் என்னையே பார்த்தான். அவனுக்குள் எதைத் தொட்டால் அது திறக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் அவளைத் துடைத்துக்கொண்டே, பன்னிரண்டாவது ரீலை அவனுக்குச் சொன்னேன். ஆறு வயசு உனக்கு, சசிதரன். தகரப் பெட்டி. அப்பா வெளியே கொண்டி போட்டார். சாவித் துவாரம் வழியாக இரண்டு நாள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உனக்கும் இதே மாதிரி ஒரு கதவு இருந்தது. அவன் முகத்தில் ஏதோ அசைந்தது, கைக்குட்டை சுற்றின கை கொண்டியை நோக்கி அரை அடி வந்தது. வந்ததும், ரீல் மாறுகிறபோது திரை மூலையில் வருமே, அது மாதிரி அவன் தலைக்கு மேல் வலது பக்கம் ஒரு கருப்புப் பொட்டு தோன்றி மறைந்தது, சடக்கென்று ஒரு வெட்டு விழுந்தது. அவன் இரண்டு அடி தள்ளி, வேறு மாதிரி நின்றான், முடி கடற்காற்றில் பறந்தது, முகத்தில் கடற்கரைச் சிரிப்பு. நடுவில் இருந்ததைத் தாண்டிக் கடைசி ரீலுக்குப் போய்விட்டான். அவனைச் செய்த பிரிண்டில் பன்னிரண்டாவது ரீல் இல்லவே இல்லை. அவன் சிரித்து முடித்து, மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்து, கனிவாகக் கேட்டான்: “இன்னைக்கு யாரைப் பார்த்தே?”

இரண்டு மணிக்குக் காய்ச்சல் தானாக இறங்கியது. சாயங்காலம் இஞ்ஞாசி வந்தார், தெருமுனையிலேயே சொல்லியிருப்பார்கள். பிள்ளையை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது, வாய் திறந்தது. நான் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் எதற்கும் அப்படிக் காத்திருந்ததில்லை. வாய் மூடியது. பூவை எடுத்து நீட்டினார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். சசிதரனைப் பார்த்தேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அனுமதி வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி, சிரித்தார். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொண்டி விழுந்தது. பாக்கியத்தாய் அக்கா, சரியாயிட்டுல்லா, பின்ன என்ன என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கதவுகள் சாத்துகிறதற்குள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டாக்கீஸ் மாடிக்கு ஓடினேன். கோமதிநாயகம் அண்ணாச்சி புரொஜக்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த ரீலை ஒரு தடவை, ஒரே தடவை ஊருக்கு ஓட்டிக் காட்டுங்க, பஸ்காரரிடம் நான் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். அவர் மூலையில் இருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். வினிகர் வாடை அறை முழுக்க அடித்தது. உப்புக் காற்றில் சுருள் முழுதும் உருகி ஒட்டி, ஒரே கருப்பட்டி வட்டாகக் கிடந்தது.

“அதுல என்னதாம்மா இருந்திச்சு?” என்று கேட்டார். முப்பது வருஷமாகக் கழற்றி வைத்தவர்.

சொன்னேன். உள்ளே தாழ் போடுகிறதைச் சொன்னேன், படியில் உட்காருகிறதைச் சொன்னேன், கடைசி வார்த்தையைச் சொன்னேன். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பொம்பள தாழ் போடலன்னா, அவன் உக்காந்துருக்க மாட்டான்லா” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சிஸ்டரிடம் நான் வாதாடினது வெறும் மார்க்குக்காகத்தான் என்று எனக்கு அங்கே, அந்த வாடையில், படிக்கட்டில் கால் வைக்கிறபோது புரிந்தது. பத்தொன்பது பக்கத்தில் வசுமதியைப் பற்றி நான் ஒரு பத்திகூட எழுதவில்லை.

எங்கள் வீடு கம்பெனி கட்டிக் கொடுத்தது. கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் உண்டு, எந்தக் காலத்திலோ வைத்தது, துருவேறி, அதற்கு மேலேயே நாலு தடவை பச்சைப் பெயிண்ட் அடித்து, கதவோடு கதவாக ஆகிவிட்டிருந்தது. எட்டு மணிக்குக் கொண்டி விழுந்ததும் திங்கட்கிழமை கத்தியால் பெயிண்டைச் சுரண்டினேன். செவ்வாயும் புதனும் தேங்காய் எண்ணெய் விட்டேன், பிள்ளைக்குத் தேய்க்கிற எண்ணெய்தான். வியாழன் அம்மிக்குழவியால் துணி வைத்துத் தட்டினேன், ஒரு நூல் அளவு அசைந்தது. வெள்ளிக்கிழமை அரை விரல். பாக்கியத்தாய் அக்கா என்னளா தட்டுத என்று கேட்டாள். பூண்டு என்றேன்.

இன்று சனிக்கிழமை, கம்பெனியில் கணக்கு முடிக்கிற நாள், அவர் வர இருட்டிவிடும். பால் காய்ச்சி வைத்தேன், தண்ணீர் நிரப்பினேன், பிள்ளைக்கு மருந்து வாங்கி வைத்திருந்தது. விளக்கைப் போட்டு பிலோமியின் சட்டையை மாற்றினபோது, அவள் நெற்றியில் இருந்து கன்னம் வரைக்கும் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இறங்கினது. நூல் என்று நினைத்துத் துடைத்தேன். என் விரலின் மேலாக அது இறங்கிப் போனது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. அவளுக்கு வலிக்கவில்லை, பார்த்துச் சிரித்தாள். சிரிக்கிறதற்கு முன்னால் ஒரு நொடி தாமதித்தாள்.

அப்போதுதான் தெருவில் அந்தச் சத்தம் கேட்டது, தையல் மிஷின் மாதிரி, நிற்காமல். கிழக்கு மூலையில் ஆரம்பித்து ஒவ்வொரு வாசலாகத் தாண்டி வந்தது. சசிதரனுடைய நடை எனக்குத் தெரியும், அவன் ஷூ போட்டவன். இது செருப்பு. இடது கால் லேசாக இழுக்கும், சின்ன வயதில் உப்புப் பாத்தியில் கண்ணாடி குத்தினதால். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவிளக்கின் கீழே என் இஞ்ஞாசி மல்லிகைப் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தார், அவர் மேல் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவருகே போனேன். வெளியே கொண்டியை எடுக்கிற சத்தம் கேட்ட அதே நொடியில் தாழ்ப்பாளைத் தள்ளினேன். முக்கால்வாசி போய் நின்றுகொண்டது. அவர் கதவைத் தள்ளினார், கதவு என் தோளில் இடித்தது, நான் தோளைக் கொடுத்து நின்றேன்.

“நான்தான். திற” என்றார், சினிமாக் குரலில். “உன்னை எவ்வளவு நேசிக்கிறேன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும்” என்றேன். “படியில உக்காருங்க. பிள்ளைக்கு ஜன்னி வந்த அன்னைக்கு வாயைத் தொறந்து சொல்லாம விட்டியளே ஒரு வார்த்தை, அது வர வரைக்கும் நான் இங்கனதான் நிப்பேன்.”

வெளியே மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. எதிர் ஜன்னலில் ஒரு விளக்கு எரிந்தது, அடுத்து அதற்குப் பக்கத்தில் ஒன்று. உள்ளங்கையின் அடிப்பாகத்தைத் தாழ்ப்பாளின் முனையில் வைத்து, என் எடையும் பிள்ளையின் எடையும் சேர்த்து அழுத்தினேன். துரு நொறுங்கிக் காலில் விழுந்தது, இரும்பு குழிக்குள் போய் முழுசாக உட்கார்ந்தது.